மன்னிப்புக் கேட்காத கொழுவல் ராணி

ரஜனிக்குக் கோபம் வந்தால் அந்தத் தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடும். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரம் நிற்கும் இடமல்ல. ஒரு பொதுக் குழாய், வரிசையாக நாலு கக்கூசு, முதுகோடு முதுகு ஒட்டிய தகரக் கூரை வீடுகள், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டிய சந்து. அந்தச் சந்தின் கடைசி வீட்டில் ரஜனியின் தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்கும்வரை பயமில்லை. சத்தம் சட்டென்று நின்றால் குழாயடியில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், இன்றைக்கு யாருடைய முறை என்று.

தண்ணீர் வரிசையில் அடுத்தவள் குடத்தைத் தள்ளி வைத்தவள், குப்பை லொறியைச் சந்து முனையிலேயே திருப்பிக்கொண்டு போன டிரைவர், பிளவுஸ் தைத்து வாங்கிய பிறகு அளவு சரியில்லை என்று கூலியைக் குறைக்கப் பார்த்த வெள்ளவத்தைப் பெண்மணி, எல்லோரும் அவளுடைய வாயில் விழுந்து எழும்பியவர்கள்தான். அவளுடைய கணவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். முதலில் காசு வருவது நின்றது. பிறகு போன் வருவது நின்றது. அவனைத் திட்டுவதற்கு ஆள் கைக்குக் கிடைக்காததால்தான் நமக்கெல்லாம் இப்படி விழுகிறது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. அது ஒருநாள் அவள் காதுக்கும் போனது. பேசியவர்கள் பிறகு பேசவில்லை.

பொம்மலாட்டம் தொடங்கியதும் ஒரு கோபத்தில்தான்.

மகள் நிஷாந்தினி அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கலைவிழா வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரு மாதமாக ஆட்டம் பழகினார்கள். விழாவுக்கு முதல்நாள் ஒரு ரீச்சர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் காலைப் பார்த்தாராம். வெள்ளைச் சப்பாத்து இல்லாதவர்கள் மேடைக்கு வர வேண்டாம் என்றாராம்.

"கீழ இருந்து கை தட்டச் சொன்னாங்கம்மா" என்றாள் நிஷாந்தினி.

ரஜனி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். உள்ளே விடவில்லை. அவள் கொண்டுபோன அவ்வளவு திட்டும் வாசற் காவலாளிக்குத்தான் கிடைத்தது. அந்த மனுஷன் அவளைவிட வயதானவர், அவருடைய காலிலும் ரப்பர் செருப்புத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. திரும்பி வந்து, பக்கத்து வீட்டு உம்மு குல்தூமிடம் கொட்டித் தீர்த்தாள்.

உம்மு குல்தூம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். ரஜனியைவிடச் சில வயது மூத்தவள். யாருடைய குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அவர் எதிரில் நிற்பதுபோலப் பேசிக் காட்டுவாள். அன்றைக்கு மாவு பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவங்களுக்குக் காலுதானே கண்ணுல படுது?" என்றாள் ரஜனி. "காலே தெரியாம ஒரு ஆட்டம் ஆடுவோம் ராத்தா."

"கால் தெரியாம எப்பிடியன் ஆடுற?"

ரஜனி தோளில் கிடந்த பிளவுஸ் துண்டை எடுத்துக் கைக்குள் மாட்டி, விரலை வாய்போலத் திறந்து மூடினாள். "இப்புடி."

கலைவிழா நடந்த அதே நேரத்தில், குழாயடிக்கு மேலே கட்டிய சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, விழாவுக்குப் போக முடியாத பிள்ளைகள் காலுறைகளையும் பிளவுஸ் கைகளையும் மாட்டி ஆட்டினார்கள். கதை என்று ஒன்றும் இல்லை. சப்பாத்து ஒன்று காலைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். சேலை நடுவில் ஒருதரம் அறுந்து விழுந்தது. தோட்டம் சிரித்த சிரிப்புக்கு வீதியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் விடவில்லை. அடுத்த ஞாயிறு எப்போது என்று கேட்டார்கள். தோட்டத்து வாசலில் சனசமூக நிலையம் இருந்தது. கீழே ஒரு மண்டபம், மாடியில் புஷ்பராஜ் மாஸ்டரின் ரியூஷன் வகுப்பு. மாஸ்டர்தான் நிலையத்தின் செயலாளர். "பிள்ளைகளுக்கு நல்லதுதானே, செய்யுங்கோ" என்று மண்டபத்துப் பூட்டின் திறப்பை அவரே கொடுத்தார். பொம்மைகளை வைக்க ஓர் அலுமாரியும் ஒதுக்கித் தந்தார். அதை ரஜனி மறக்கவில்லை. அவர் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பித்து, தகப்பன் இல்லாத பிள்ளைகளிடம் காசு வாங்காதவர். நிஷாந்தினியும் அவரிடம் சும்மாதான் படித்தாள், பாஸ் பண்ணிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ரஜனி அவருடைய மனைவிக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தாள்.

பொம்மைகள் வளர்ந்தன. அதில் முதல் இடம் கொழுவல் ராணிக்கு, சண்டைக்கார ராணிக்கு. ரப்பர் செருப்பின் குதியை வெட்டி மடித்து வாய், பழைய குடைத்துணியில் முகம், பிரஷ்ஷில் இருந்து பிய்த்த நாரில் தலைமுடி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருடனும் சண்டைக்குப் போகிற பெண். ராணிக்குள் ரஜனியின் கை, ரஜனியின் வாய். பெருச்சாளி முதலாளி, பஸ் கொண்டக்டர், காகம் எல்லாமே உம்மு குல்தூமின் குரல். பிள்ளைகள் அதற்கு ராணி ஷோ என்று பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு ஷோ முடிவிலும் 'ராணியிட்ட சொல்லு' என்று ஒரு பகுதி. எந்தப் பிள்ளையும் மேடைக்கு வந்து தன் குறையைச் சொல்லலாம். ராணி உடனே அந்த ஆளைத் திட்டுவாள். மீன் வைத்த மாலு பாணுக்குள் மீனையே காணவில்லை என்று ஒருவன் சொன்னால், "அடேய் பேக்கரிக்காரா, மாலு எங்கடா? நீந்திக் கடலுக்கே போயிட்டா?" என்று ராணி கத்துவாள். இரவில் கடிக்கிற நுளம்பு, எலி, பட்டத்தைத் திருடிய அண்ணன், மழை, கணக்குப் பாடம், எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டன.

ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்த வருடம் ஷோ நின்றது. தேவாலயத்தில் குண்டு வெடித்த கொச்சிக்கடைப் பக்கம் போகவே சனம் பயந்தது. மறுபடி தொடங்க இருந்தபோது நிலையத்துக்கு இரண்டு பேர் வந்து, "அந்த முஸ்லிம் பொம்பளையைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்க" என்றார்கள்.

"அவங்க இல்லாட்டி ராணியும் இல்ல. நீங்களே சேலைக்குப் பின்னால நின்னு ஆடுங்க, நாங்க பாக்குறோம்" என்றாள் ரஜனி. உம்மு குல்தூமின் கையைப் பிடித்து முன்வாசலால் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைய ஷோவின் நடுவில் வெளியே யாரோ ஒரு தகரத்தைக் கீழே போட, பிள்ளைகள் அவ்வளவு பேரும் கதிரைக்குக் கீழே புகுந்தார்கள். பெருச்சாளி முதலாளியும் மேடைக்குக் கீழே பாய்ந்து, வயிறு பெருத்ததால் பாதியில் இறுகி, "யா அல்லாஹ், யாராச்சும் இழுங்கொளேன்!" என்று கத்தினார். ஒரு பிள்ளை மெதுவாகச் சிரித்தது. பிறகு மற்றப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள்.

கொரோனா வந்து போனது. சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடம், கரண்ட் இல்லாத மண்டபத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ராணி வெற்றுச் சிலிண்டரைத் திட்டினாள். பெரியவர்கள்தான் அதற்கு அதிகமாகச் சிரித்தார்கள்.

இனிச் சொல்வது போன வருடம் நடந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறையப் பிள்ளைகள், பின்னால் சில தாய்மார். 'ராணியிட்ட சொல்லு' பகுதிக்கு வந்தது றஷ்மி என்ற ஒன்பது வயதுப் பிள்ளை. தாய் பாக்கியலெட்சுமி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாமான் களஞ்சியத்தில் துப்புரவு வேலை செய்பவள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை, அன்றைக்கும் வரவில்லை. றஷ்மி மற்றப் பிள்ளைகளைப் போலச் சத்தமாகச் சொல்லவில்லை. ராணியின் காதென்று தைத்திருந்த இடத்தில் வாயை வைத்தாள்.

"மாஸ்டர் வயரால அடிக்கிறார். அம்மாட்ட சொல்லிறாத."

சேலைக்குப் பின்னால் ரஜனியின் கை அப்படியே நின்றுவிட்டது. ராணியின் வாய் திறந்தபடி இருந்தது. பிள்ளைகள் திட்டு வருமென்று காத்திருந்தார்கள். உம்மு குல்தூம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ரஜனி, கைய கீழ போடாதிங்கொ" என்று மெல்லச் சொன்னாள்.

ராணி குனிந்து றஷ்மியின் தலையில் தலையை வைத்தாள். "எங்க அடிச்சாரு?" என்று ரஜனி கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் ராணிக்கு மெதுவான குரல் கிடையாது.

றஷ்மி கையைத் திருப்பி முழங்கைக்கு மேலே காட்டினாள். முன்வரிசையில் இருந்த ஒரு பையன் அதைப் பார்த்தான். எழும்பித் தன் சட்டையைத் தூக்கினான். "எனக்கு இங்க" என்றான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும், எனக்கும் என்று பிள்ளைகளே எழும்பினார்கள், மாலு பாணில் மீன் இல்லை என்று சொல்கிற அதே உற்சாகத்தோடு. ஒருவன் தன் தழும்புதான் பெரிதென்று இன்னொருவனோடு சண்டை பிடித்தான். அதுதான் ரஜனியை உடைத்தது.

மாஸ்டர் அந்த நேரம் மாடிப்படியில் நின்றார்.

"இறங்கி வாய்யா கீழ!" என்று ராணி கத்தினாள். "பச்சப் புள்ளைங்கள வயரால அடிக்கிற கைய நான் பாக்கணும். கொண்டா கைய!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்கு அது ஷோ. தாய்மார் யாரும் தட்டவில்லை. மாஸ்டர் மேலே ஏறிப் போய்க் கதவைச் சாத்தினார். ரஜனி சேலையை இழுத்து விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ராணி இன்னும் அவள் கையில்தான் இருந்தாள். தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

நிஷாந்தினிக்கு இப்போது இருபத்தொரு வயது. வெள்ளவத்தையில் ஒரு பல் டொக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவளிடம் ரஜனி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கைப்பையைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, இதை ஏன் பெருசு பண்றீங்க? அவர் எல்லாருக்கும்தான் அடிச்சார். எனக்கும்தான்."

ரஜனி அவளைப் பார்த்தாள்.

"நான் பாஸ் பண்ணினேன்தானே" என்றாள் நிஷாந்தினி. "இப்ப எதுக்கு அது." உடுப்பு மாற்ற உள்ளே போய்விட்டாள்.

ரஜனி மெசினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மாஸ்டரின் மனைவிக்குத் தைத்துக் கொடுத்த பிளவுஸ்களின் நிறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மஞ்சள், அரக்கு, மயில்கழுத்து. அத்தனையும் தன் கையாலேயே கிழிக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த வாரம் நிலையத்தில் கூட்டம். தலைவர் செல்லையா, ஆணியும் வர்ணமும் விற்கும் ஒரு கடையின் முதலாளி, யாரோடும் பகைக்க விரும்பாத மனிதர். மாஸ்டர் நேராக உட்கார்ந்திருந்தார்.

"நான் முப்பது வருஷமாப் படிப்பிக்கிறன்" என்றார். "இந்தத் தோட்டத்தில இருந்து கம்பஸுக்குப் போன பிள்ளைகள் என்னட்டப் படிச்சதுகள். கண்டிப்பு இல்லாட்டி இதுகள் ஹார்பர்ல மூட்டைதான் தூக்கும். நீர் ஒரு பொம்மையை வைச்சு என்னைச் சபையில அவமானப்படுத்தினீர்."

"வயரு கண்டிப்பா மாஸ்டர்? இஸ்திரிப் பெட்டி வயரு?"

"அடிக்காமப் படிப்பு வருமா?" என்று பின்னால் ஒரு தாய் கேட்டாள். இன்னொருத்தி, "எங்க புள்ளைக்கு அடிக்கச் சொல்லி நானேதான் மாஸ்டர்கிட்ட சொன்னேன். உனக்கு என்னா?" என்றாள். ரஜனி அவள் பக்கம் திரும்பினாள். போன மாதம்தான் அவளுடைய மகளுக்குக் கூலி வாங்காமல் வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். அதைச் சொல்லிக் காட்ட நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

செல்லையா தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, ஒரு சின்ன விஷயம். பிள்ளைகளுக்கு முன்னாலதானே பிரச்சினை வந்தது. அடுத்த ஷோவில அந்தப் பொம்மையை வைச்சே ஒரு மன்னிப்புக் கேட்டிடுங்கோ. நீங்கள் கேக்கத் தேவையில்லை. பொம்மை கேட்டாக் காணும். விஷயம் முடிஞ்சிடும்."

ஒரு நிமிடம் ரஜனிக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

"ராணி மன்னிப்பு கேக்கணுமா? அந்தப் புள்ளைங்களுக்கு முன்னாலயா?" என்றாள். "அதுங்களுக்கு இந்த ஊருல தைரியமா ஒண்ணச் சொல்றதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கு. அது துணியும் செருப்பும். அதையும் கால்ல விழச் சொல்றீங்களா? உங்க யாருக்கும் வெக்கமே இல்லையா?"

கூட்டம் அதோடு முடிந்தது. மறுநாள் மண்டபத்துக்குப் புதுப் பூட்டு வந்தது.

பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு ரஜனி அழைத்தாள். இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். பொறுமையான பெண். வீடு வீடாகப் போய் விசாரித்தார். ஒவ்வொரு தாயும் ஒரே பதிலைச் சொன்னாள்: மாஸ்டர் அடிப்பதில்லை, பிள்ளைகள் பொம்மைக்குப் பொய் சொன்னார்கள். கடைசியில் அவர் ரஜனியின் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா யாராவது ஒரு தாய், இல்லாட்டி அடி வாங்கின ஒரு ஆள் வாக்குமூலம் தரோணும். யாராவது வந்தா எனக்கு உடனே கோல் எடுங்கோ."

அவர் போனதும் ரஜனி நேரே பாக்கியலெட்சுமியின் வீட்டுக்குப் போனாள். அவள் அப்போதுதான் வேலையால் வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் புள்ள கைய நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா பொய் சொன்ன?"

பாக்கியலெட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். "நீ கத்துவ. உனக்குக் கத்தத் தெரியும். நான் காலையில போனா இருட்டினாப் பிறகுதான் வாரேன். பள்ளிக்கூடம் விட்டு நான் வாற வரைக்கும் என் புள்ள எங்க இருக்கும்? இந்தச் சந்துலயா? அங்க முனையில போதைத்தூள் விக்கிறவன் நிக்கிறான், அது உனக்குத் தெரியாதா? மாஸ்டர் புள்ளய வீட்டுக்கு அனுப்ப மாட்டாரு, நான் வாறவரைக்கும் மேல வச்சிருப்பாரு. அடிக்கிறாரு. ஓம், அடிக்கிறாரு! ஆனா புள்ள உயிரோட, முழுசா இருக்கு. நீ ஞாயித்துக்கிழமை பொம்மை ஆட்டுவ. திங்கக்கிழமை யாரு பாப்பா?"

அவள் அழவில்லை. ரஜனியைவிட உரத்த குரலில்தான் பேசினாள். ரஜனி பதிலுக்கு எதையோ கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. ஆனால் அதை யார்மேல் வைப்பது என்று தெரியாமல் போனது. அடித்தவர் மேல் இருந்தது. அடிக்க விட்டவள் மேல் இருந்தது. தான் சொந்த மகளின் கையைத் திருப்பிப் பார்க்காமல் பிளவுஸ் தைத்துக் கொடுத்த வருடங்கள் மேலும் இருந்தது.

மழை தொடங்கியது. நிலையத்து அலுமாரி பரீட்சைத் தாள்கள் வைக்கத் தேவைப்பட்டதாம். பொம்மைகளை யாரோ எடுத்துப் பின்பக்கத்துச் சாக்கடைக் கானோரமாகப் போட்டுவிட்டார்கள். உம்மு குல்தூம்தான் கண்டாள். ராணியின் குடைத்துணி முகம் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு சேற்றைக் குடித்து வீங்கிக் கிடந்தது. காகத்தின் ஒரு செட்டையைக் காணவில்லை. பெருச்சாளியை எந்தப் பிள்ளையோ தூக்கிக்கொண்டு போயிருந்தது.

"எனத்தியன் செஞ்சிட்டானுவள் பாத்திங்களா" என்று உம்மு குல்தூம் அவற்றைத் தன் முந்தானையில் அள்ளினாள். ரஜனி ஒரு கல்லைத் தூக்கி அந்தப் புதுப் பூட்டின்மேல் எறிந்தாள். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் தெறித்து அவளுடைய காலில்தான் பட்டது. நொண்டிக்கொண்டே திட்டினாள்.

ஒரு சனிக்கிழமை நிஷாந்தினி வேலை முடிந்து வந்து சந்துக்குள் திரும்பியபோது, ஒரு வீட்டுப் படியில் றஷ்மி தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பெருச்சாளி முதலாளியைப் படியில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அவள் கையில் ஒரு துண்டு வயர்.

"கையை நீட்டு" என்றாள் றஷ்மி. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தாள். "அழுதா இன்னொண்டு விழும். கண்ணீரோட மார்க்ஸும் கரைஞ்சு போகும்."

நிஷாந்தினி நின்றுவிட்டாள். ஒரு சொல் மாறவில்லை. அதே வாக்கியம், அதே இழுவை. அவள் பத்து வயதில் கையை நீட்டிக்கொண்டு நின்று கேட்டது.

றஷ்மி அடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "பாருங்க அக்கா, இவர் அழவேயில்ல. நல்ல புள்ள."

நிஷாந்தினி வயரை வாங்கிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "அந்த விசாரிக்க வந்த மிஸ்ஸிட நம்பரைத் தாங்க, நான் கதைக்கிறேன்" என்றாள்.

ரஜனி நம்பரைக் கொடுக்கவில்லை. அவ்வளவு நாளும் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "என்கிட்ட ஏன்டி சொல்லல? பெத்தவ நான் ஒருத்தி உயிரோட இருந்தேனே! ஊருப் புள்ளைங்க எல்லாம் வந்து ராணிகிட்ட சொல்லிச்சுங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"ராணிக்குப் பின்னால நீங்கதான் நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள் நிஷாந்தினி. "மத்தப் புள்ளைங்களுக்கு அது ராணி. எனக்கு அது உங்க கை. உங்ககிட்ட சொன்னா நீங்க சண்டைக்குப் போவீங்க. சண்டைக்குப் போனா கிளாஸ் போயிடும். பாஸ் பண்ணாட்டி அதே பள்ளிக்கூடந்தான், அதே சப்பாத்துக் கதைதான். அதான் வாயை மூடிக்கிட்டு அடி வாங்கினேன். உங்களுக்குக் கோவம் வந்தா என்னா நடக்கும்னு எனக்குப் பயம். மாஸ்டரை விட அதுக்குத்தான் பயம்."

ரஜனி தன் போனை எடுத்து மெசின்மேல் வைத்தாள். "நம்பரு போன்ல இருக்கு, எடுத்துக்க" என்றாள்.

வாக்குமூலம் கொடுக்கப் போன அன்று நிஷாந்தினி தனியாகப் போகவில்லை. தன்னோடு அந்த வகுப்பில் படித்த இருவரைத் தேடிப் பிடித்திருந்தாள். ஒருத்தி கல்கிசையில் கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு இருந்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வந்தாள். மற்றவன் கம்பஸில் படிப்பவன். மாஸ்டர் பெருமையாகச் சொல்லித் திரிந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். ரஜனியை உள்ளே வர வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். "நீங்க வெளிய இருங்கம்மா. கத்தாம இருங்க." ரஜனி வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. விரல் நகத்தை ரத்தம் வரும்வரை கடித்தாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. மாஸ்டர் உடம்புக்கு முடியவில்லை என்று செயலாளர் பதவியை விட்டார். வகுப்பைத் தன் வீட்டுக்கு மாற்றினார். இப்போது அடிப்பதில்லை என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் இன்னும் அவரிடம்தான் போகிறார்கள். அவர் வீதியில் வரும்போது எழும்பி நிற்கும் தகப்பன்மார் இன்னும் எழும்பத்தான் செய்கிறார்கள்.

செல்லையா ஒருநாள் மண்டபத்துத் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "இப்ப பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே தங்கச்சி. பழையபடி நடத்துங்கோ."

"அந்தப் புள்ளைங்ககிட்ட உங்கள்ல யாராவது ஒருத்தர் மன்னிப்பு கேட்டீங்களா?"

அவர் திறப்பை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

அவர் திரும்ப வரவில்லை. உம்மு குல்தூமின் கணவர் ஸாலிஹ் ஹார்பரில் சாமான் ஏற்றும் சின்ன லொறி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் லொறிக்கு வேலையில்லை. அதன் பின்கதவை இறக்கி, மேலே சேலை கட்டினால் மேடை. புது ராணியின் முகத்துக்கு ரஜனி சிவப்புத் துணி எடுத்தாள். பழையதைவிட வாய் பெரிது. முதல் ஷோவுக்குப் பழைய கூட்டத்தில் கால்வாசிகூட வரவில்லை. நிஷாந்தினி இப்போது சேலைக்கு முன்னால் நிற்கிறாள். பிள்ளைகள் ராணியிடம் இரகசியமாக எதையும் சொன்னால், ராணி கத்துவதில்லை. "இதை அக்காட்ட சொல்லுவோமா?" என்று கேட்பாள். அந்த மாற்றத்துக்கு ரஜனி லேசில் சம்மதிக்கவில்லை. தாயும் மகளும் அதற்காகப் பல நாள் சண்டை பிடித்தார்கள்.

றஷ்மி இப்போது மாஸ்டரிடம் போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ரஜனியின் வீட்டுக்கு வருகிறாள். யாரும் வரச் சொல்லவில்லை. ஒருநாள் வந்து மெசினுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்தாள், அவ்வளவுதான். கணக்கு நிஷாந்தினி வந்துதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவரை வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு இருப்பாள்.

இருட்டிய பிறகு பாக்கியலெட்சுமி வருவாள். உள்ளே வருவதில்லை, சந்தில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ரஜனியும் வெளியே வருவதில்லை. பல வாரங்கள் அப்படியே போயின. போன வாரம் ஒருநாள் றஷ்மி நித்திரையாகிவிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாக்கியலெட்சுமி முதல்தடவையாக வாசற்படியில் ஏறி நின்றாள்.

"இன்னும் கோவமா?" என்று கேட்டாள்.

"ஓம், கோவந்தான்" என்றாள் ரஜனி. "புள்ள சாப்பிட்டாச்சு. தூக்கிக்கிட்டுப் போ. நாளைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்க வரச் சொல்லு."